67 வயசா, 70 வயசா? கோர்ட் வரை போன சி.எஸ்.ஐ. விவகாரம்... நீலகிரி தேவாலயங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்?

ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயம். 1829-ல் அடிக்கல் நாட்டி, 1831-ம் ஆண்டு ஈஸ்டர் அன்று வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட கட்டடம். உள்ளே இருக்கும் பெரிய மரத்தூண்களும் உத்தரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையில் இருந்து கொண்டுவரப்பட்டவை. ஊட்டி நகரத்தை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் இந்தத் தேவாலய வளாகத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். டூரிஸ்ட்டுகளுக்கு இது போட்டோ எடுக்கும் இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு இது அவங்களோட சபை.

சரி, அந்தச் சபையோட ஆயரை மாற்றுவது யார்? நிலம் யார் பேரில் இருக்கிறது? பேராயர் எத்தனை வயது வரை பதவியில் இருக்கலாம் என்று முடிவு செய்வது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஊட்டியில் இல்லை. கொஞ்சம் கோவையில் இருக்கிறது, மிச்சம் சென்னையில் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு அதில் ஒரு பகுதி உயர் நீதிமன்றத்துக்குப் போய், டெல்லி உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. என்ன நடந்தது? பார்க்கலாம்.

சி.எஸ்.ஐ. என்பது என்ன?

'தென்னிந்தியத் திருச்சபை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் சி.எஸ்.ஐ. சுதந்திரம் கிடைத்த அடுத்த மாதமே, 1947 செப்டம்பர் 27-ம் தேதி, சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் தொடங்கப்பட்டது. அதுவரை தனித்தனியாக இருந்த ஆங்கிலிக்கன் சபை, மெத்தடிஸ்ட் சபை, ஏற்கெனவே ஒன்றாகச் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒன்றாகின. இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயரை மையமாகக் கொண்ட உலக ஆங்கிலிக்கன் குடும்பத்திலும் சி.எஸ்.ஐ. உறுப்பினர். ஆனா லண்டனில் இருந்து உத்தரவு எதுவும் வராது. முடிவெடுக்கும் அதிகாரம் முழுக்க இங்கேதான்.

உறுப்பினர்கள் சுமார் 40 லட்சம் பேர். தென் மாநிலங்களிலும் இலங்கையின் யாழ்ப்பாணத்திலுமாகச் சேர்த்து 24 திருமண்டலங்கள். ஒவ்வொரு திருமண்டலத்துக்கும் ஒரு பேராயர். நீலகிரி மாவட்டத்துக்கு என்று தனியாகத் திருமண்டலம் கிடையாது. 1950-ல் உருவான கோவை திருமண்டலத்தில்தான் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் எல்லாம் வருகின்றன. முதல் பேராயர் ஏ.ஜே. அப்பாசாமி. கோவையில் அவர் பேரில் இருக்கும் கல்லூரியைப் பலருக்குத் தெரிந்திருக்கும்.

அதிகாரம் எப்படிப் போகிறது?

கீழே இருந்து ஆரம்பிக்கலாம். ஒன்றோ பல சபைகளோ சேர்ந்தது ஒரு குருசேகரம். பேச்சுவழக்கில் 'பாஸ்டரேட்'. டவுனில் ஒரே பெரிய சபை ஒரு பாஸ்டரேட்டாக இருக்கும். எஸ்டேட் பக்கம் அப்படி இல்லை. ஒரே ஆயர் காலையில் ஒரு தோட்டத்தில் ஆராதனை முடித்து, ஜீப்போ பஸ்ஸோ பிடித்து, மதியத்துக்குள் இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையில் இருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நீலகிரியில் நிறைய. அவர்களுக்காகவே தொடங்கப்பட்டதுதான் டான்டீ தேயிலைத் தோட்டங்கள். அந்த லயன் வீடுகளில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோவில் என்பது பெரும்பாலும் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடம்தான். திப்பு அரண்மனைத் தூண் எல்லாம் அங்கே கிடையாது.

பாஸ்டரேட்டில் இருந்து தேர்வாகும் பிரதிநிதிகளும் ஆயர்களும் சேர்ந்தது திருமண்டல கவுன்சில். அதுதான் திருமண்டலத்தின் சட்டசபை மாதிரி. அதில் இருந்து ஒரு செயற்குழு, லே செயலர், பொருளாளர். அதற்கும் மேலே சென்னை ராயப்பேட்டையில் தலைமையகம் வைத்திருக்கும் சினாடு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூடும் இந்தச் சினாடுதான் உச்ச அமைப்பு. அதன் தலைவர்தான் மாடரேட்டர் என்கிற பிரதமப் பேராயர்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். புதுப் பேராயர் வேண்டும் என்றால் திருமண்டல கவுன்சில் சில பெயர்களைத் தேர்வு செய்து அனுப்பும். அந்தப் பட்டியலில் இருந்து யார் என்று கடைசியாக முடிவு செய்வது சினாடு அமைக்கும் தேர்வுக் குழு. அதாவது குன்னூர்க்காரர் ஒருவர் தன் பிரதிநிதிக்குப் போடும் ஓட்டு, இரண்டு படி ஏறித்தான் பேராயர் நாற்காலியைத் தொடும்.

சொத்து விஷயமும் இப்படித்தான். சபை மக்கள் காணிக்கை போட்டுக் கட்டிய கட்டடமாக இருந்தாலும், அது அந்தச் சபையின் பேரில் இருக்காது. 1947-லேயே கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட 'சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன்' என்கிற லாப நோக்கில்லாத நிறுவனம்தான் சட்டப்படி உரிமையாளர். ஊட்டியில் ஒரு சென்ட் நிலம் என்ன விலை போகிறது என்பது தெரிந்தவர்களுக்கு, மேலே யார் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறார் என்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

கொரோனா என்ன செய்தது?

2020 ஜனவரியில் சினாடு கூடி, தென்கேரளப் பேராயர் தர்மராஜ் ரசாலத்தைப் பிரதமப் பேராயராகத் தேர்வு செய்தது. இரண்டே மாதத்தில் ஊரடங்கு. அடுத்த சினாடு தேர்தல் 2023 ஜனவரியில். நடுவில் இருந்த மூன்று வருஷமும் ஏறக்குறைய கொரோனா காலம். அதாவது ஒரு நிர்வாகத்தின் முழுப் பதவிக்காலமும், மக்கள் ஒன்றுகூடுவதே கஷ்டமாக இருந்த காலத்தில் ஓடிப்போனது.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய வழிபாட்டுத் தலங்கள் முழுமையாகத் திறந்தது செப்டம்பர் 1-ம் தேதி. 2021-ல் இரண்டாவது அலை வந்தபோது ஏப்ரல் கடைசியில் மறுபடி மூடி, ஜூலையில் திறந்தார்கள். ஆகஸ்ட்டில் இருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களில் மக்களுக்கு அனுமதி இல்லை. மற்ற நாளில் போகலாம். கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகிறவர்களுக்கு வழி இருந்தது. தேவாலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதானே நாள்? அக்டோபர் நடுவில், விஜயதசமியை ஒட்டித்தான் அந்தத் தடை நீங்கியது. 2022 ஜனவரியில் மூன்றாவது அலையில் மறுபடி அதே வெள்ளி, சனி, ஞாயிறு கதைதான்.

தேயிலைத் தோட்டங்களின் நிலைமை வேறு. 2020 ஏப்ரல் நடுவிலேயே 50 சதவீதத் தொழிலாளர்களுடன் தோட்டங்கள் இயங்கலாம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. கொழுந்து பறிக்க வரலாம், ஜெபிக்க வரக்கூடாது. சுகாதாரக் காரணம் நியாயமானதுதான். ஆனா பாதிப் பேருக்குத்தான் வேலை என்றால், காணிக்கைப் பையிலும் அது தெரியத்தானே செய்யும்.

காணிக்கை என்பது வெறும் பக்தி விஷயம் இல்லை, நிர்வாக விஷயமும்கூட. பெரும்பாலான திருமண்டலங்களில் ஒவ்வொரு பாஸ்டரேட்டும் வருஷத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகையைத் தலைமைக்குக் கட்ட வேண்டும். அந்தப் பொது நிதியில் இருந்துதான் ஆயர்களுக்குச் சம்பளம். வசதியான டவுன் சபை கட்டும் பணத்தில்தான் எஸ்டேட் சபையின் ஆயருக்கும் சம்பளம் போகிறது. நல்ல ஏற்பாடு. ஆனா எல்லாச் சபைக்கும் ஒரே நேரத்தில் வருமானம் படுத்துவிட்டால் இந்த ஏற்பாடு திணறும். அறுப்பின் பண்டிகையில் கேரட், முட்டைக்கோஸ், கோழி, கேக் என்று ஏலம் விட்டு வருஷக் கணக்கைச் சரிக்கட்டும் சபைகளுக்குக் கூட்டம் இல்லாத பண்டிகை என்றால் ஏலமும் இல்லை.

இதைவிடச் சிக்கலானது ஓட்டுரிமை. சபைத் தேர்தலில் ஓட்டுப் போட, திருவிருந்தில் பங்கேற்கும் உறுப்பினராகவும் சந்தா பாக்கி இல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்பது பல திருமண்டலங்களில் இருக்கும் விதி. கதவே பூட்டியிருந்த மாதங்களை இதில் எப்படிக் கணக்கு வைப்பது? வேலை தேடித் திருப்பூருக்கோ கோவைக்கோ இறங்கிப் போன எஸ்டேட் குடும்பத்தின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்குமா, இருக்காதா? கொரோனாவுக்குப் பிறகு ஒரு திருச்சபை நிர்வாகம் உட்கார்ந்து பேச வேண்டிய வேலை என்றால் உண்மையில் இதுதான்.

மூணாறில் நடந்தது

கூட்டம் நடத்தாமல் நிர்வாகம் நடக்காது. ஆனா கூட்டம் நடத்துவதே ஆபத்து. இதற்கு மிக மோசமான உதாரணம் நீலகிரியைப் போலவே தேயிலை மலையான மூணாறில் நடந்தது. 2021 ஏப்ரல் நடுவில், தென்கேரளத் திருமண்டலத்தின் ஆயர்களுக்கு வருடாந்தரத் தியானக் கூடுகை அங்கே நடத்தப்பட்டது. நூற்றுக்கணக்கான ஆயர்கள் போனார்கள். இரண்டாவது அலை கிளம்பிய நேரம். திரும்பி வந்தவர்களில் பலருக்குத் தொற்று. சில ஆயர்கள் உயிரிழந்தார்கள். கட்டுப்பாடுகளை மீறியதாகக் கேரள போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. சபை மக்கள் மத்தியில் இருந்தே 'இதை ஏன் தள்ளிவைக்கவில்லை?' என்ற கேள்வி எழுந்தது.

இங்கிலாந்துச் சபை இதை எப்படிச் சமாளித்தது என்று பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். அங்கே 2020-ல் நடக்க வேண்டிய பொதுச் சினாடு தேர்தலை ஒரு வருஷம் தள்ளிவைக்க முறைப்படி அரசாணை வாங்கினார்கள். ஆன்லைனில் கூட்டம் நடத்த விதியில் இடமில்லை என்பதால், 2020 செப்டம்பரில் குறைந்த ஆட்களுடன் நேரில் கூடி, 'இனி ஆன்லைனில் கூடலாம்' என்று தனிச் சட்டமே போட்டார்கள். ஜூம் மீட்டிங்குக்கு ஒரு சட்டமா என்று சிரிப்பு வரலாம். ஆனா பின்னாடி யாரும் 'அந்தக் கூட்டம் செல்லாது' என்று கோர்ட்டுக்குப் போக வழியில்லாமல் செய்தது அதுதான். உலகம் முழுக்க இருக்கும் ஆங்கிலிக்கன் பேராயர்கள் பத்து வருஷத்துக்கு ஒருமுறை சந்திக்கும் லாம்பெத் மாநாடும் 2020-ல் இருந்து 2022-க்குத் தள்ளிப்போனது.

அந்த 70 வயசு விவகாரம்

சி.எஸ்.ஐ.யில் பேராயர்களுக்கு ஓய்வு வயது 67. இதை 70 ஆக உயர்த்தும் திருத்தம் 2022 மார்ச்சில் நடந்த சினாடு சிறப்புக் கூட்டத்தில் கொண்டுவரப்பட்டது. மூன்று வருஷம்தானே கூடுது, என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒரு பேராயர் மூன்று வருஷம் கூடுதலாக இருந்தால், அந்தத் திருமண்டலத்தில் ஆயர்களை மாற்றுவது, பள்ளி கல்லூரி நிர்வாகம், சொத்து சம்பந்தமான முடிவுகள் எல்லாம் மூன்று வருஷம் அதே கையில். அடுத்து வரக் காத்திருப்பவர்களில் சிலருக்கு வாய்ப்பே போய்விடும். நீலகிரியில் கேத்தி பொறியியல் கல்லூரி தொடங்கிச் சின்னப் பள்ளிக்கூடங்கள் வரை இந்த நிர்வாகத்தின் கீழ்தான் வருகின்றன.

சினாடில் கை தூக்கிவிட்டால் மட்டும் இந்த மாதிரித் திருத்தம் சட்டம் ஆகிவிடாது. சினாடில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு திருமண்டல கவுன்சில்களிலும் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். 24 திருமண்டலங்கள் என்றால் 16. இங்கேதான் கோவை திருமண்டல கவுன்சிலில் உட்காரும் நீலகிரிப் பிரதிநிதிக்கு வேலை வருகிறது. சென்னையில் எடுத்த முடிவுக்குக் கீழே இருந்து 'சரி' அல்லது 'வேண்டாம்' சொல்லும் ஒரே இடம் அது.

2023 ஜனவரியில் சினாடு தேர்தல் நடந்தது. தர்மராஜ் ரசாலம் மறுபடியும் பிரதமப் பேராயராகத் தேர்வானார். பழைய விதிப்படி பார்த்தால் அந்த வருஷம் மே மாதம் அவருக்கு 67 முடிகிறது. மூன்று வருஷப் பதவிக்கு வந்தவர் நான்கே மாதத்தில் ஓய்வு பெற வேண்டும். புதிய திருத்தம் செல்லும் என்றால் மட்டுமே அவர் தொடர முடியும். ஆக, திருத்தம் விதிப்படி நிறைவேறியதா, திருமண்டலங்களின் ஒப்புதல் முறையாகக் கிடைத்ததா என்பதுதான் மொத்த வழக்கின் முடிச்சு.

கோர்ட் என்ன சொன்னது?

சபை உறுப்பினர்கள் சிலர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 செப்டம்பரில் தனி நீதிபதி, பிரதமப் பேராயர் தேர்வு செல்லாது என்று உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் 2024 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. சினாடு நிர்வாகத்தைக் கவனிக்க, தேர்தல் நடத்த, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகிகளாக நியமித்தது. 1947-ல் உருவான ஒரு திருச்சபையின் உச்ச அமைப்பைக் கவனிக்க நீதிமன்றம் ஆள் போட வேண்டி வந்தது சாதாரண விஷயம் இல்லை.

அங்கிருந்து வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பிரதமப் பேராயராக ரசாலம் தேர்வானது செல்லாது என்ற முடிவை உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் உறுதி செய்தது.

இத்தோடு எல்லாம் முடிந்ததா என்றால், அதான் இல்லை. இந்த உத்தரவுகள் எல்லாம் இடைக்கால மனுக்களை ஒட்டி வந்தவை. திருத்தம் செல்லுமா, செல்லாதா என்பதைச் சாட்சி, ஆவணம் எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டியது முதன்மை வழக்கில்தான்.

மத விஷயத்தில் கோர்ட் தலையிடலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். திருவிருந்தை எப்படிக் கொடுப்பது, ஜெபத்தை எப்படிச் சொல்வது என்பதில் நீதிமன்றம் கை வைக்கவில்லை. தேர்தல், பதவிக்காலம், சங்க விதி, சொத்து ஆகியவை வேறு எந்தச் சங்கத்துக்கும் இருப்பது போன்ற சிவில் விவகாரங்கள். சபையே தனக்கு எழுதி வைத்துக்கொண்ட விதியைச் சபை பின்பற்றியதா என்று கேட்பதைத் தலையீடு என்று சொல்ல முடியாது.

அரசு வாரியம் வருமா?

இந்தச் சண்டைகளால் இன்னொரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. 2024 அக்டோபரில், நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி சம்பந்தப்பட்ட வழக்கை விசாரித்த மதுரைக் கிளை, கோவில்களுக்கு அறநிலையத் துறையும் மசூதிச் சொத்துகளுக்கு வக்ஃபு வாரியமும் இருக்கும்போது கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு மட்டும் அப்படி ஒரு சட்டபூர்வ அமைப்பு ஏன் இல்லை என்று கேட்டு, மத்திய மாநில அரசுகளின் கருத்தைக் கேட்டது. அந்தக் கல்லூரியும் சி.எஸ்.ஐ. திருமண்டலம் ஒன்றைச் சேர்ந்ததுதான். சிறுபான்மையினர் தங்கள் நிறுவனங்களைத் தாங்களே நடத்தும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு தருகிறது. வாரியம் வந்தால் அந்த உரிமை என்ன ஆகும் என்ற பயம் சபைகளில் இருக்கிறது. வாரியம் வந்தால்தான் சொத்து மிஞ்சும் என்று சொல்கிறவர்களும் அதே சபைகளில்தான் இருக்கிறார்கள்.

சரி, ஒரு சாதாரண உறுப்பினர் என்ன செய்யலாம்?

கோத்தகிரியிலோ பந்தலூரிலோ இருக்கும் ஒருவர் சினாடு வழக்கில் கட்சிக்காரராகச் சேர வேண்டியதில்லை. முதலில் தன் பாஸ்டரேட்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். சந்தா கட்டும்போது ரசீது வாங்கி வைக்கலாம். வருஷக் கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்குப் போய், தணிக்கை செய்த கணக்கைக் கேட்கலாம். திருமண்டல கவுன்சிலுக்குப் போன பிரதிநிதி யார், ஓய்வு வயதுத் திருத்தம் அங்கே ஓட்டெடுப்புக்கு வந்ததா, வந்திருந்தால் அவர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று அவரிடமே கேட்கலாம். ஊர்க்காரர்தானே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது அங்கேதான் நிற்பார்.